மூன்றாம் ஓலைக்கு முன்

1968

ஜனவரி 8, திங்கள்

கப்பல் ஏஜென்ட் கொடுத்த டைரி ஒரு வாரமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்குச் சிலுவை போட்டு ஆரம்பிக்கிறேன்.

காலை ஷிப்ட். அமெரிக்கக் கோதுமை. என் வேலை கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவது, கிழிந்திருந்தால் கிழிந்தது, நனைந்திருந்தால் நனைந்தது என்று எழுதுவது. இன்றைக்கு மேஸ்திரி பக்கத்தில் வந்து, "நாலு மூட்ட நனைஞ்சதுக்கா இம்மாம் பெரிய எழுத்து? கண்டுக்காத வுடு சார்" என்றான். விடவில்லை. அருள்நாதன் எழுதினால் எழுதினதுதான் என்று ஹார்பரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

வீட்டுக்கு வந்தபோது ஜெசிந்தா வாசலில் உட்கார்ந்து மணலை அள்ளி விரலிடுக்கில் விட்டுக்கொண்டிருந்தாள். வருகிற மாதம் ஆறு வயது முடிகிறது. இரண்டு வயதில் சொன்ன நாலைந்து வார்த்தைகளும் போய்விட்டன. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஹார்பர் சங்கு ஊதினால் மட்டும் தலையைச் சாய்த்து, அதே சுதியில் முனகுவாள். "காது நல்லாத்தான் கேக்குது பாருங்க" என்று ஐரீன் தினமும் சொல்வதை இன்றைக்கும் சொன்னாள்.

புதன்கிழமை வேப்பேரியில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போகிறோம். லண்டனில் படித்தவராம். ஐரீன் இப்போதே ஜெசியின் நல்ல கவுனை எடுத்து இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள்.

ஜனவரி 10, புதன்

டாக்டர் இங்கிலீஷில்தான் கேட்டார். ஐரீனுக்கு இங்கிலீஷ் வராது. நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசினேன்.

குழந்தை அழுதால் தாய் தூக்குவாளா? — இல்லை என்றேன். உண்மைதான். தூக்கினால் ஜெசி விறைத்துக்கொண்டு அலறுகிறாள், அதனால்தான் தூக்குவதில்லை என்பதும் உண்மை. அதைச் சொல்வதற்குள் அவர் முதல் உண்மையை எழுதி முடித்துவிட்டார். நானும் அவரை நிறுத்தவில்லை.

உங்கள் இரண்டு குடும்பத்திலும் இப்படி யாராவது உண்டா?

இல்லை என்றேன்.

ஐரீன் என் சட்டையை இழுத்து, "இன்னா கேட்டாரு?" என்றாள். சொன்னேன். "எங்க வூட்ல யாரும் இல்ல. உங்க வூட்லயும் இல்லியே" என்றாள். ஆமாம் என்றேன்.

தாமஸ் அண்ணன் இருக்கிறான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஜெசியைப் போலவேதான், பேச்சு கிடையாது. திண்டிவனம் பக்கம் பாதிரிச் சாமியார்கள் நடத்தும் ஓர் இல்லத்தில் பதின்மூன்று வருஷமாக இருக்கிறான். அவனை அங்கே விட்ட கையோடு நாங்கள் அரக்கோணத்திலிருந்து ராயபுரம் வந்தோம். மூத்தவன் காய்ச்சலில் போய்விட்டான் என்று நைனா எல்லோரிடமும் சொன்னார். என் கல்யாணத்தின்போது நானும் அதையே சொன்னேன். ஐரீனுக்குத் தெரிந்த தாமஸ் செத்துப்போன மச்சாண்டார்.

டாக்டருக்கு மட்டுமாவது இங்கிலீஷிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் 'பிரதர்' என்றால் என்னவென்று ஐரீனுக்குத் தெரியும்.

இதற்கு ஆட்டிசம் என்று பெயராம். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாதபோது காரணம் பெரும்பாலும் தாயிடம்தான் என்றார். முதல் இரண்டு வருஷம் தாயின் பாசம் போதாவிட்டால் குழந்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுமாம். வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கிறதாம். உங்கள் மனைவியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்றார்.

பஸ்ஸில் சொன்னேன். பக்குவமாகத்தான்.

மின்ட் பஸ் ஸ்டாப் வந்தது. அப்புறம், "நான் அவளுக்குப் பால் குடுக்கசொல்லோ ஜன்னலப் பாத்துகினு இருப்பேன். அதானா?" என்றாள்.

ஜனவரி 11, வியாழன்

ஐரீன் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

ஜனவரி 14, ஞாயிறு

தெருவெல்லாம் பொங்கல். எங்கள் வீட்டில் வைத்தியம் நடக்கிறது. காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி, ஐரீன் கதவைச் சாத்திக்கொண்டு ஜெசியை மடியில் போட்டு இறுக்கி அணைத்துக்கொள்கிறாள். டாக்டர் இதைச் செய்யச் சொல்லவில்லை. பாசம் குறைந்ததென்றால் பாசத்தைக் கூட்ட வேண்டியதுதானே என்று இவளே கண்டுபிடித்தது. எதிரே கடிகாரம். குழந்தை கத்துகிற கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

பக்கத்துப் போர்ஷன் கோவிந்தம்மா பொங்கல் கொண்டுவந்தவள் கதவைத் தட்டித் திறக்கவைத்தாள். மீன் விற்கிறவள், குரல் பெரிது. ஆனால் ஜெசியிடம் மட்டும் சத்தம் போடமாட்டாள். "இன்னா ஐரீனு, கொழந்தைய இன்னா பண்ற?" என்றாள்.

"பாசம் காட்றேங்க்கா" என்றாள் ஐரீன். மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

கோவிந்தம்மா என்னைப் பார்த்தாள். நான் பொங்கல் பாத்திரத்தை வாங்கி உள்ளே வைக்கப் போனேன்.

ஜனவரி 17, புதன்

நைனா வந்தார். என் தங்கை பிலோமிக்கு இடம் முடிந்துவிட்டது. திருவொற்றியூரில் ஃபேக்டரி ஃபிட்டர், நல்ல பக்தியான குடும்பம். தவக்காலம் தொடங்கினால் கல்யாணம் வைக்க முடியாது என்பதால் பிப்ரவரி பன்னிரண்டே நாள் குறித்துவிட்டார்கள். வருகிற மூன்று ஞாயிறும் மாதா கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும்.

அவரைத் தண்டவாளம் வரை கொண்டுவிடும்போது, ஐரீனிடமாவது தாமஸைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"டேய் அருளு, பொம்பள கைல சொன்னா கோயில்ல இன்னாத்துக்கு ஓலை? ஊரே வாசிக்கும்" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "கல்யாணம் முடியட்டும்டா. அப்பால உன் இஷ்டம். இருபத்தாறு நாளு, வாய மூடிகினு இருக்க மாட்டியா?" என்றார்.

பதின்மூன்று வருஷம் மூடியிருந்த வாய். இருபத்தாறு நாள் ஒன்றும் பெரிதில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

முதல் ஓலை. சாமியார் பிலோமியின் பெயரையும் பையனின் பெயரையும் வாசித்து, இவர்களுக்குள் விக்கினம் ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள் என்றார். கட்டக் கூடாத நெருங்கிய உறவா, ஏற்கெனவே மணமானவரா, அது மாதிரி விக்கினங்களைத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். தாமஸ் அந்தக் கணக்கில் வரமாட்டான். இருந்தாலும் முதுகு வியர்த்தது. பிலோமி முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐரீன் பூசைக்கு வரவில்லை. பிள்ளை கத்தும் என்றாள்.

ஜனவரி 24, புதன்

ஐரீன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்வந்தாள். பெற்ற பிள்ளையை நேசிக்காமல் கெடுத்துவிட்டேன் என்று சொன்னாளாம். மூன்று அருள் நிறைந்த மந்திரம் அபராதமாகக் கொடுத்தாராம் சாமியார்.

"மூணே மூணு" என்றாள் என்னிடம். "சாமிக்குப் புரியல. சரியா சொல்லத் தெர்ல எனக்கு." மூன்று சொல்லி முடித்துவிட்டு நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். முழங்காலில் ஒரு மணி நேரம்.

ஜெசி இப்போது அம்மாவைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். முன்பெல்லாம் ஐரீன் சமைக்கும்போது அடுப்பங்கரை வாசலில் வந்து நிற்பாள். அவ்வளவுதான் அவள் வருவது, ஆனால் வருவாள். அதுவும் போயிற்று.

ஜனவரி 28, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இந்த முறை வியர்க்கவில்லை. அதுதான் பயமாயிருக்கிறது.

பூசை முடிந்து பிலோமி என்னைக் காசிமேடு கல்லறைக்குக் கூட்டிப்போனாள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவேண்டுமாம். அம்மா குழியில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒன்று அம்மாவுக்கு. ஒன்று தாமஸ் அண்ணனுக்கு. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் இதைத்தான் செய்கிறாள். அண்ணனை வண்டியேற்றியபோது அவளுக்கு ஒன்பது வயது. ஒரு மாதம் கழித்து, அவன் செத்துப்போனான் என்று நைனா சொன்னதும் அவள்தான் நாள் முழுக்க அழுதாள். அண்ணன் எப்படி இருந்தான் என்று வெளியில் பேசக்கூடாது என்று அப்போதே நைனா அவளை அடக்கிவைத்தார். உயிரோடிருக்கிறவனுக்கு அவள் ஏற்றும் மெழுகுவர்த்தியை, காற்றில் அணையாமல் நான் கை வைத்து மறைத்தேன்.

நான் எப்படிப்பட்ட ஆள்?

பிப்ரவரி 1, வியாழன்

பகல் இரண்டு மணிக்குக் கோவிந்தம்மா ஹார்பர் கேட்டுக்கே வந்துவிட்டாள். வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, உன் பொண்டாட்டி கல்லு மேல ஒக்காந்துகினு கீது. அலை மேல அடிக்குது. கூப்டா திரும்பல. எங்க ஆளுங்கள பக்கத்துல நிறுத்திட்டு வந்துகீறேன். வா."

ஓடினேன். மீன்காரப் பெண்கள் நாலு பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல வலைக்காரர்களைத் திட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஐரீனின் முந்தானையைத் தன் விரலில் சுற்றிப் பிடித்திருந்தாள். ஐரீன் மேலெல்லாம் நனைந்திருந்தாள். பிள்ளை எங்கே என்று கேட்டேன். கோவிந்தம்மா வீட்டில், அவள் மருமகளிடம் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஐரீன் சொன்னாள். கோபமில்லை, அழுகையில்லை. நாளைக்கு என்ன குழம்பு என்று பேசுகிற குரல். "நான் போய்ட்டா நீங்க வேற கட்டிக்குங்க. பாசமா கீற பொம்பளயா பாத்து கட்டிக்குங்க. அப்பவாச்சும் ஜெசி பேசும்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். தெருவிலேயே, அந்த நிமிஷமே. வாய் திறந்தது. சத்தியமாகத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை, இன்னும் மூணே நாள் என்று மனசு சொல்லிச்சு. மூடிட்டேன். பொண்டாட்டி செத்துப்போறேன்னு சொல்றா, நான் நாள் பாக்கறேன். தூ.

பிப்ரவரி 2, வெள்ளி

லீவு. ஐரீன் பக்கத்திலேயே இருந்தேன். கோவிந்தம்மா இன்றைக்கு மீன் கூடையைத் தூக்கவில்லை. நாள் முழுக்க எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 3, சனி

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். ஐரீன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஜெசியின் கவுன்களை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்றேன். "சிஸ்டருங்க நடத்தற மடம் ஒண்ணு கீதாம். சாமியார்கிட்ட கேட்டேன். அங்க வுட்ரலாம். என் கைல இருந்தா இன்னும் கெட்டுடுவா" என்றாள்.

அந்தப் பெட்டி. எங்கள் அரக்கோணம் வீட்டிலும் அம்மா இப்படித்தான் தாமஸ் சட்டைகளை மடித்து வைத்தாள். நான் அதைப் பூட்டித் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனவன்.

தரையில் உட்கார்ந்தேன். "தாமஸ் அண்ணன் சாகல" என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"அவனும் ஜெசி மாதிரிதான். பேச்சு இல்ல. கரித்துண்ட வரிசையா அடுக்கிகினே இருப்பான். டாக்டர் கேட்டப்ப நான் பொய் சொன்னேன். உன்னால வரல ஐரீனு. எங்க வூட்லேர்ந்து வந்திருக்குது."

இப்போது நிறுத்தினாள். கவுன் கையிலேயே இருந்தது. நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன், எவ்வளவு மடையன். அந்த முகத்தில் வந்தது வேறு.

"உயிரோட கீறாரா?"

"ஆமா."

"நான் முட்டி போட்டு அவருக்கு ஜெபம் பண்ணேனே, ஒவ்வொரு வருஷமும். பக்கத்துல நின்னீங்களே."

"ஆமா."

"டாக்டரு என்னக் கெட்ட அம்மான்னு சொன்னதுகூட பரவால்ல. அவருக்கு என்னத் தெரியாது. நீங்க ஒக்காந்துகினு அத தமிழ்ல சொன்னீங்களே."

பெட்டியிலிருந்த கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று பின்னாலேயே ஓடினேன். "சாவ மாட்டேன். பிலோமிகிட்ட போறேன்" என்றாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. பிலோமியே காலையில் சாமியாரைப் பார்த்து நிறுத்தச் சொல்லிவிட்டாள். விக்கினம் என்று இல்லை, ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் இருப்பதைச் சொல்லாமல் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றாளாம்.

கோவில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "பதிமூணு மெழுகுவர்த்திண்ணே" என்றாள். "ஒருதரமாவது தட்டி வுட்டிருக்கலாம்ல?"

நைனா தெருவென்றும் பார்க்காமல் கத்தினார். "உன் தங்கச்சி வாழ்க்கைல மண்ணப் போட்டுட்டியேடா!" அவர் சொல்வதில் தப்பு இல்லை. பூசைக்கு வந்த கூட்டம் மொத்தமும் நின்று கேட்டது.

பிப்ரவரி 7, புதன்

திருவொற்றியூரிலிருந்து ஆள் வந்தது. பையனுக்குச் சம்மதம்தானாம். வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்களாம். பிறக்கிற பிள்ளையும் இப்படிப் பிறந்தால் என்று கேட்டார்களாம். வந்தவர் வாசலில் உட்கார்ந்திருந்த என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் இதைச் சொன்னார்.

பிப்ரவரி 12, திங்கள்

இன்றைக்குப் பிலோமிக்குக் கல்யாணம் நடந்திருக்கும். அவள் இங்கே வந்து ஐரீனோடு உட்கார்ந்து நாள் முழுக்க அரிசி புடைத்தாள்.

பிப்ரவரி 21, புதன்

தனியாக வேப்பேரிக்குப் போய் டாக்டரிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். முதலில் ஏன் சொல்லவில்லை என்றார். வெட்கம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தாய்தான் காரணம் என்பதை மறுத்தும் இப்போது சிலர் எழுதுகிறார்கள் என்றார். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா என்று நாக்கு வரை வந்தது. யார் யாரைக் கேட்பது? கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஐரீனிடம் சொன்னேன். "அவுரு சொன்னா இன்னா, சொல்லாங்காட்டி இன்னா" என்றாள். ஆனால் சாயங்காலம், டாக்டர் எந்த வார்த்தையில் சொன்னார் என்று கேட்டாள்.

மார்ச் 10, ஞாயிறு

கட்டிப்பிடிக்கும் வைத்தியம் நின்று ஒரு மாதமாகிறது. ஜெசி கட்டிலடியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். நேற்று ஐரீன் அரிவாள்மனையில் மீன் அரிந்துகொண்டிருந்தபோது வந்து, அவள் முதுகோடு தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். முகம் அந்தப் பக்கம். ஐரீன் மீனை வைத்துவிட்டு அசையாமல் இருந்தாள். பூனை வந்து ஒரு சங்கராவைத் தூக்கிப்போனது. விரட்டவில்லை.

ஐரீன் தூங்குகிறாள், சாப்பிடுகிறாள். சில நாள் எழுந்திருக்கவே மாட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். கோவிந்தம்மாவுக்கு அது எப்படியோ தெரிந்துவிடும், வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். என்னோடு வேண்டியதற்கு மட்டும் பேச்சு. அப்பளம் வேணுமா, வேணாமா. மன்னித்துவிட்டாயா என்று கேட்கத் தைரியமில்லை. கேட்டால் அவள் எனக்காக ஒரு பதில் சொல்லவேண்டிவரும். அந்தப் பாரத்தையும் அவள் தலையில் வைப்பானேன்?

ஏப்ரல் 15, திங்கள்

நேற்று ஈஸ்டர். இன்றைக்குத் திண்டிவனம். நான், ஐரீன், பிலோமி, ஜெசி. நைனா வரவில்லை. ஐரீன்தான் நாள் பார்த்து, "அவரப் பாக்கணும்" என்று கிளப்பினாள்.

இல்லத்தில் வருகிறவர்கள் நோட்டில் பெயர், யாரைப் பார்க்க, என்ன உறவு என்று எழுத வேண்டும். சாமியார் நோட்டை என் முன்னால் தள்ளினார். பிலோமி எட்டி, இத்தனை வருஷம் அண்ணனைப் பார்க்க யார் யார் வந்தார்கள் என்று பழைய பக்கங்களைப் புரட்டினாள். இரண்டே இடத்தில் தாமஸ் பெயர். 1959. 1963. இரண்டும் நான். அருள்நாதன், ராயபுரம். உறவு என்ற இடத்தில்: தெரிந்தவர்.

என் கையெழுத்து, ஹார்பரில் எழுதுகிற அதே தெளிவான கையெழுத்து.

பிலோமி நோட்டை ஐரீன் பக்கம் நகர்த்தினாள். ஐரீன் எழுத்துக்கூட்டி வாசித்தாள். "சாமி, இத அடிச்சித் திருத்தலாமா?" என்று கேட்டாள். பழைய பக்கத்தில் கை வைக்கக் கூடாதம்மா என்றார் அவர். "அப்ப அது அப்டியே கெடக்கட்டும்" என்று இன்றைய பக்கத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள். அண்ணன் என்று எழுதினேன். எழுத்து கோணலாகிவிட்டது.

தாமஸ் அண்ணனைக் கூட்டிவந்தார்கள். தலை பாதி நரைத்துவிட்டது. எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காய்ந்த கொட்டைகளை வரிசையாக வைக்கத் தொடங்கினான். ஜெசி ஒரு கஜம் தள்ளி உட்கார்ந்து மண்ணை அள்ளினாள். பிலோமி அழுதுகொண்டே அவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் திரும்பவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

ஐரீன் அவனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பிப்ரவரிக்குப் பின் முதல் தடவையாக, வீட்டுத் தேவைக்கில்லாத ஒரு கேள்வியைத் தானாக என்னிடம் கேட்டாள்.

"உங்க அம்மா இவர எப்டி வெச்சிருந்தாங்க? சின்னதுல?"

சொன்னேன். அஞ்சு வயசு வரைக்கும் இடுப்பை விட்டு இறக்கினதில்லை. அலறுவான், கடிப்பான், அப்பவும் விடமாட்டாங்க. எனக்குக்கூட அவ்வளவு கொடுத்ததில்லை. ஊரே சொல்லும், எங்க அம்மா வியாகுலம்மாளைப்போல் பிள்ளைமேல் உயிராக இருக்கிறவளைப் பார்த்ததில்லை என்று. அவ்வளவும் கொடுத்தாங்க. அவன் இப்படித்தான் இருந்தான்.

ஐரீன் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "இன்னொரு தபா சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.